திருத்தும் பேனா பிள்ளைகளின் கையில்

(திருவான்மியூரில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகளில் ஒரு கட்டுரையின் கதி என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆசிரியர் தலைப்புக் கொடுக்கிறார். பிள்ளை கட்டுரை ஏட்டில் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று எழுதி முடிக்கிறது. நாற்பது, ஐம்பது ஏடுகள் கட்டாக ஆசிரியரின் மேசைக்கு வந்து சேருகின்றன. அவர் ஒற்றுப் பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கிறார், அடியில் மதிப்பெண் போடுகிறார், தேதியோடு சுருக்கொப்பம் இடுகிறார். ஏடு திரும்பி வருகிறது. பிள்ளை தன் மதிப்பெண்ணைப் பார்க்கிறது, பக்கத்தில் இருப்பவனின் மதிப்பெண்ணைப் பார்க்கிறது, ஏட்டை மூடி வைக்கிறது. மிஞ்சிப் போனால் பிழையான சொல்லை ஐந்து முறை எழுதிக் காட்டச் சொல்வோம். அந்தக் கட்டுரையை இன்னொரு முறை யாரும் தொடுவதில்லை.

பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில், தான் எழுதிய ஒரு பத்தியைத் தானே பிரித்துப் போட்டு, மாற்றி, இன்னும் நன்றாக எழுதிப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிடைப்பதே இல்லை. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எழுதுவதைவிடத் திருத்துவதற்குத்தான் அதிக நேரம் போகிறது என்பார்கள். அந்த வேலையை நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதில்லை. அதை நாமே செய்துவிடுகிறோம், அதுவும் சோர்ந்த கண்ணோடு, ஞாயிற்றுக்கிழமை இரவில்.

இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் கருவிகளை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கூகுள் டாக்ஸ், ஈதர்பேட், விக்கி என்று பல பெயர்கள் இருக்கின்றன. இவற்றின் பெருமைகளாக எத்தனையோ சொல்வார்கள்: காகிதம் மிச்சம், வீட்டிலிருந்தே எழுதலாம், குழுவாக வேலை செய்யப் பழகலாம். எல்லாம் சரிதான். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே ஒன்று. சிவப்புப் பேனாவைப் பிள்ளைகளின் கைக்கு மாற்றித் தருவதற்கு இவற்றைப் போல வசதியான ஒன்று ஆசிரியர்களுக்கு இதுவரை வாய்த்ததில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். நம் கடற்கரைக்கு வரும் ஆமைகளைப் பற்றி ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு மாணவி முதல் வாக்கியத்தைத் தட்டினாள்: 'கடல் ஆமைகள் மழைக்காலத்தில் நமது கடற்கரைக்கு வந்து முட்டையிட்டு இனப்பெருக்கம் செய்கின்றன.' கட்டுரை ஏடாக இருந்தால் இதற்கு முழு மதிப்பெண் விழுந்திருக்கும். எழுத்துப் பிழை இல்லை, ஒற்றுப் பிழை இல்லை. நானும்கூட அடுத்த வரிக்குப் போயிருப்பேன்.

குழுவில் குப்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா கட்டுமரத்தில் போய்ப் பிறகு ஃபைபர் படகுக்கு மாறியவர். அவன் அதிகம் பேசமாட்டான், தட்டச்சும் வராது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், 'மழையில எங்க ஆமை வரும்? பொங்கல் சமயத்துலதான் வரும். எங்கப்பா சொல்வாரு' என்றான். அந்தப் பெண் முகம் சுளித்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் பக்கத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினான். இரண்டாவது வடிவம் இப்படி வந்தது: 'பொங்கலை ஒட்டி, இரவில், பெண் ஆமை மட்டும் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும்.' இனப்பெருக்கம் என்ற சொல் போய்விட்டது. காலமும் இரவும் மணலும் உள்ளே வந்துவிட்டன. மூன்றாவதாக இன்னொரு பெண் சேர்த்தாள்: 'ஒரு தடவை நூறு முட்டைக்கு மேல்கூட இடும். குஞ்சுகள் வெளியே வரும்போது சாலை விளக்கு எரிந்தால், கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விடும்.' அவளுடைய அண்ணன், 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவோடு ஒரு நாள் நடந்து போனவனாம்.

இப்போது ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: 'அப்பா சொன்னார் என்றால் போதுமா? அதை எப்படி எழுதுவது?' பிள்ளைகள் யோசித்தார்கள். அப்பா சொன்னதும் சான்றுதான், ஆனால் எந்தக் குப்பம், எத்தனை வருடமாகக் கடலுக்குப் போகிறார் என்று அடியில் குறிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஓரத்தில் ஒரு குறிப்பு ஏறியது. சான்று என்பது எங்கிருந்து பிறக்கிறது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அந்த ஐந்து பேரும் அன்றே கற்றுக்கொண்டார்கள். பாடநூலில் வரையறை படித்துக் கற்கக்கூடிய விஷயமா அது?

வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியை பதிப்பு வரலாற்றைத் திறந்து எனக்குக் காட்டினார். யார் எந்த எழுத்தை எப்போது தட்டினார்கள், எதை யார் அழித்தார்கள், அழித்ததைத் திரும்ப யார் கொண்டுவந்தார்கள் என்று எல்லாமே அங்கே இருந்தன. ஈதர்பேட் என்ற கருவியில் ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். மேலே உள்ள நகர்த்தியை இழுத்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பக்கம் வளர்ந்த விதம் முழுவதும் கண்முன் ஓடும். ஒரு பிள்ளை எந்த இடத்தில் தயங்கியது, எந்தச் சொல்லை நான்கு முறை மாற்றியது என்பதை ஆசிரியர் பார்க்க முடிகிறது. இத்தனை காலமும் நாம் முடிந்துபோன எழுத்துக்குத்தான் மதிப்பெண் போட்டோம். எழுத்து உருவாகும் நேரத்தில் பிள்ளையின் மூளை என்ன செய்தது என்று பார்க்கும் வழி நம்மிடம் இல்லை. இப்போது இருக்கிறது.

அந்தக் குப்பத்துப் பையன் மொத்தம் தட்டியது ஒரே ஒரு வாக்கியம். எழுத்தின் அளவைப் பார்த்தால் அவனுக்கு மதிப்பெண் விழாது. வரலாற்றைப் பார்த்தால், பக்கத்தில் இருந்த பெரிய தவறைத் திருத்தியவன் அவன்தான். குழுவாக வேலை கொடுத்தால் ஒருத்தி எழுத நால்வர் பெயர் போட்டுக்கொள்வார்கள் என்பது பெற்றோர்களின் பழைய புகார். நியாயமான புகார். தெர்மாகோல், சார்ட் பேப்பர் என்று வீட்டுக்கு அனுப்பும் குழு வேலைகளில் அதுதான் நடக்கிறது. பல வீடுகளில் அம்மாதான் அந்த ஒருத்தி. பதிப்பு வரலாறு இருக்கும் இடத்தில் அது செல்லாது.

இந்தக் கருவிகள் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய ஒரு செயல்விளக்கத்தில், வேறு ஊரில் இருந்த தன் சக ஊழியரோடு ஒரே திரையைப் பகிர்ந்து வேலை செய்து காட்டினார். 1995இல் வார்ட் கன்னிங்காம் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றினார்: யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்ற அந்த எண்ணத்தின் மேல்தான் 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா எழுந்தது. சிறு நிறுவனம் ஒன்றின் ரைட்லி என்ற கருவியை 2006இல் கூகுள் வாங்கியது; இன்றைய கூகுள் டாக்ஸின் வேர் அது. ஈதர்பேட் 2008இல் வந்தது. பிறகு அதன் நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதனால் ஒரு பள்ளி தன் சொந்தக் கணினியிலேயே அதை நிறுவிக்கொள்ளலாம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திருவான்மியூரில் நின்று இதைப் பேசும்போது வேறொரு வரலாறு எனக்கு நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து கலாக்ஷேத்திராவைத் தாண்டிப் பெசன்ட் நகர் அருண்டேல் கடற்கரைச் சாலைக்குப் போனால் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஐயர் மறைந்த மறு ஆண்டு, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் தொடங்கப்பட்டது. ஐயர் தேடிச் சேர்த்த ஏட்டுச்சுவடிகளும் அவர் கைப்பட எழுதிய குறிப்புகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.

ஐயர் பதிப்பித்த முறையைக் கவனியுங்கள். சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிடுவதற்கு முன் அவர் ஊர் ஊராகப் பிரதிகள் தேடினார். ஒரு பிரதியில் இருக்கும் அடி இன்னொன்றில் மாறியிருக்கும், மூன்றாவதில் செல்லரித்துப் போயிருக்கும். ஒப்பிட்டு, எது பொருத்தம் என்று தீர்மானித்து, மற்ற பாடங்களையும் படிப்பவருக்குக் காட்டினார். ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களை முகவுரையில் நன்றியோடு பதிவு செய்தார். பதிப்பித்த பிறகும் அவர் விடவில்லை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தபோது, அந்த இருபது ஆண்டுகளில் தான் கற்றதையும் பிறரிடமிருந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் திருத்தியிருந்தார். யாருடைய பங்கு எது, எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது, முன்பு என்ன இருந்தது, இப்போது ஏன் மாற்றினோம் என்ற கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பதுதான் நல்ல பதிப்பு. அந்த ஒழுக்கம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற கருவியாக அது இன்று கைக்கு வந்திருக்கிறது.

அதே வரிசையில் பெ. தூரனையும் சொல்ல வேண்டும். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. நூற்றுக்கணக்கான அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்தி, ஒரே நடைக்குக் கொண்டுவந்த தலைமைப் பதிப்பாசிரியர் தூரன். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரியவர்களுக்கான தொகுதிகள் முடிந்த கையோடு குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகளையும் 1976க்குள் முடித்தார். இத்தனை பேரின் எழுத்தைத் திருத்தும் பொறுமையை வகுப்பறையில் பெற்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கலைக்களஞ்சிய வேலை நம் காலத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்கிறது. அது 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தொடக்க காலத்தில் ஏறக்குறையத் தனி ஆளாகக் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்றுப் பக்கமும் ஒரு பேச்சுப் பக்கமும் உண்டு. புதிதாக வருபவர் எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது. பொதுவாக விவாதிக்க ஆலமரத்தடி இருக்கிறது.

இதை மாணவர்களிடம் கொண்டுபோன முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததையொட்டித் தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தின. மருத்துவம், பொறியியல், வேளாண்மை என்று பல துறை மாணவர்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. தங்கள் துறையைப் பற்றித் தமிழில் எழுதச் சொல்லி அந்த மாணவர்களில் பலரை அதற்கு முன் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் விக்கிப்பீடியாப் பயிற்சி கொடுக்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியதும் அதே ஆண்டில்தான்.

வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. 2011இல் புணேயில் நடந்ததை ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அந்த ஊர்க் கல்லூரிகள் சிலவற்றோடு சேர்ந்து, மாணவர்கள் பாட வேலையாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே பருவத்தில் எழுத வந்தார்கள். புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் எடுத்து அப்படியே ஒட்டியவர்கள் ஏராளம். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் இரவு பகலாக அவற்றைத் தேடி நீக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டமே நிறுத்தப்பட்டது.

அந்த மாணவர்கள் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பள்ளியில் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியே அதுதான். நோட்ஸில் இருப்பதை வரி பிசகாமல் திருப்பி எழுதினால் முழு மதிப்பெண் என்று பன்னிரண்டு ஆண்டு சொல்லிவிட்டு, கல்லூரிக்கு வந்ததும் 'ஏன் பார்த்து எழுதினாய்?' என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்? அங்கே வழிகாட்ட வந்தவர்களில் பலருக்கும் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழக்கமில்லை. பொதுவெளியில் போய் எழுதுவது கடைசிப் படி. அதை முதல் படியாக வைத்ததில்தான் கோளாறு. ஆகவே நான் சொல்வது, பத்தாம் வகுப்பு வரையாவது பிள்ளைகள் எழுதுவது அந்த வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்தின் முகவரி ஆசிரியருக்கும் அந்தக் குழுவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இதில் சட்டமும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் தனிப்பட்ட தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிள்ளையின் முழுப்பெயர், புகைப்படம், கைபேசி எண் ஆகியவற்றை எந்தக் கருவியிலும் ஏற்ற வேண்டிய தேவை நமக்கு இல்லை. அம்மாவின் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்குத் திறக்கச் சொல்வதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

ஈதர்பேடைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. அங்கே ஒரு கணினியில் ஈதர்பேடையோ விக்கி மென்பொருளையோ நிறுவிவிட்டால், மற்ற கணினிகள் எல்லாம் ஆய்வகத்தின் உள்வலை வழியாகவே அதில் எழுதலாம். இணைய இணைப்பே தேவையில்லை. யாருக்கும் ஜிமெயில் கணக்குத் தேவையில்லை. எழுதியது பள்ளிக் கட்டடத்தைத் தாண்டாது. நிறுவுவது ஒரு கணினி ஆசிரியருக்கு அரை நாள் வேலை. தனியார் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். ஆண்டுக்கு ஆண்டு சந்தா கட்டும் ஆப் எதுவும் வேண்டாம். ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பிள்ளைகள் என்றாலும் கவலைப்படாதீர்கள். நான் சொன்ன ஆமைக் குழுவிடம் இருந்தவை இரண்டே கணினிகள். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சண்டை போட்டுக்கொண்டு எழுதியதால்தான் அந்த வாக்கியம் திருந்தியது.

தட்டச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கிக்கொள்கிறார்கள், அல்லது பேசி எழுத வைக்கிறார்கள். வாட்ஸ்அப்புக்கு அது போதும். திருத்தி எழுதப் போகிறவனுக்குப் போதாது. லகர ளகரமும் ணகர னகரமும் எங்கே மாறின என்று அவன் கண்ணில் படாமலே போய்விடும். தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக் கொடுங்கள். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியாக வந்தது அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழுகிறது. ஙகரத்தை அடுத்துக் ககரம் தட்டினாலும் அப்படியே. மொழியின் ஒலியமைப்பைத் தெரிந்தவர்கள் வடிவமைத்த பலகை. தினம் சிறிது நேரம் பழகினால் ஒரு பருவத்துக்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை பழகிவிடும்.

ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி: 'சார், இதற்கெல்லாம் நேரம் எங்கே? போர்ஷன் முடிக்க வேண்டாமா?' மதிப்பீட்டு முறையில் இடம் இருக்கிறது என்பதுதான் என் பதில். முப்பருவ முறை உள்ள வகுப்புகளில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு உரியது. அதை நாம் சார்ட் பேப்பரிலும் தெர்மாகோலிலும் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். பருவத்துக்கு ஒரே ஒரு பக்கம், ஐந்து பேர் கொண்ட குழு, மூன்று வாரம். முதல் வாரம் எழுதட்டும். இரண்டாம் வாரம் ஒரு குழுவின் பக்கத்தை இன்னொரு குழு படித்து ஓரத்தில் கேள்வி கேட்கட்டும். அழிக்கக் கூடாது, கேட்க மட்டும்தான் செய்யலாம். மூன்றாம் வாரம் எழுதியவர்களே பதில் சொல்லித் திருத்தட்டும். மதிப்பெண்ணை மூன்றாம் வாரத்துத் திருத்தத்துக்குக் கொடுங்கள், முதல் வாரத்து எழுத்துக்கு வேண்டாம். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளையின் கவனமும் போகும், பெற்றோரின் கவனமும் போகும்.

இந்த மூன்று வாரமும் ஆசிரியர் அந்தப் பக்கத்தில் கை வைக்கக் கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பிழை கண்ணில் பட்டதும் நம் விரல் துடிக்கும். வாய் திறந்து கேள்வி கேளுங்கள், பக்கத்தைத் தொடாதீர்கள். ஆசிரியர் ஒரு சொல்லைத் திருத்திவிட்டால், அந்த நிமிடமே அது மறுபடி கட்டுரை ஏடாகிவிடுகிறது. பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாமல் இன்று யாரும் எழுத்தைப் பற்றிப் பேச முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், வீட்டுப்பாடக் கட்டுரை யாருடையது என்று சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விற்கும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. தானாக நன்றாக எழுதும் பிள்ளையை அவை குற்றவாளி ஆக்கிவிடக்கூடும். பதிப்பு வரலாறு அப்படிக் குற்றம் சாட்டுவதில்லை. முந்நூறு சொல் கொண்ட பத்தி ஒன்று ஒரே நொடியில் பக்கத்தில் வந்து விழுந்திருந்தால் அது தெரியும். 'இது எங்கிருந்து வந்தது?' என்று கனிவாகக் கேட்கலாம். கேட்டுவிட்டு, அந்தப் பத்தியையே குழுவுக்குத் திருத்தக் கொடுங்கள். இயந்திரம் எழுதிய தமிழில் நம் திருவான்மியூரைப் பற்றி எத்தனை பொய் இருக்கிறது என்று பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும். மருந்தீஸ்வரர் கோயில் குளத்தையும் கடற்கரையையும் நேரில் தெரிந்த பிள்ளைகளுக்கு அது பிடித்தமான வேலையாகத்தான் இருக்கும்.

மேல்நிலை வகுப்புக்கு வந்த பிறகு பொதுவெளிக்குப் போகலாம் என்றேன். எங்கே தொடங்குவது? என் யோசனை, விக்கிப்பீடியாவில் வேண்டாம், அச்சு நூல்களை இணையத்தில் எழுத்து வடிவில் சேர்க்கும் தமிழ் விக்கிமூலத்தில் தொடங்குங்கள். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியால், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே ஏறியிருக்கின்றன. பக்கங்கள் மின்வருடப்பட்டு, இயந்திரம் எழுத்துணரியால் படித்த பாடம் எதிரே வைக்கப்பட்டிருக்கிறது; அதில் உள்ள பிழைகளைத் திருத்துவதுதான் வேலை. இயந்திரம் துணைக்காலை ரகரமாகப் படிக்கிறது. ளகரத்தையும் னகரத்தையும் குழப்புகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் யானைக்கொம்பு வைத்த லை, னை வரும் இடமெல்லாம் தடுமாறுகிறது. அந்தப் பழைய எழுத்தை முதன்முறை பார்க்கும் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். இரண்டு பக்கம் போனதும் பழகிவிடும்.

அங்கே உள்ள முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. யாரும் தொடாத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்ததும் மஞ்சளாகும். இரண்டாவது ஒருவர் மறுபடி சரிபார்த்த பிறகே பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. ஒருவர் கண்ணில் தப்பியது இன்னொருவர் கண்ணில் படும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். சொந்தமாக எழுதத் தயங்கும் பிள்ளைகூட இதில் முதல் நாளே இறங்கிவிடலாம். கருத்துத் திருட்டுக்கு இடமே இல்லை, ஏனென்றால் வேலையே உள்ளதை உள்ளபடி கொண்டுவருவதுதான். இதற்கிடையில் நல்ல உரைநடை ஒன்றைச் சொல் சொல்லாகப் படித்து முடித்துவிடுகிறார்கள்.

புத்தகத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். மயிலை சீனி. வேங்கடசாமி நம் பக்கத்து மயிலாப்பூரில் 1900இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகவே வேலை பார்த்தவர். மீதி நேரத்தில் கல்வெட்டையும் இலக்கியத்தையும் தோண்டி, களப்பிரர் காலத்தைப் பற்றியும் பௌத்தத்துக்கும் சமணத்துக்கும் தமிழோடு உள்ள உறவைப் பற்றியும் எழுதியவர். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகி விக்கிமூலத்தில் இருக்கின்றன. வாக்கியங்கள் நேரானவை, பதினோராம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். இந்தப் பகுதிப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து அவருடைய நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பள்ளி மஞ்சளாக்கட்டும், மற்றது பச்சையாக்கட்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் ஒரு நூலை முடித்துவிடலாம்.

கூட்டம் முடிந்த பிறகு விருப்பமுள்ள ஆசிரியர்கள் மடிக்கணினியோடு இருங்கள். வேங்கடசாமியின் நூலில் சிவப்பாக இருக்கும் பக்கம் ஒன்றை இங்கேயே திறந்து, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து திருத்திப் பார்ப்போம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் வரலாம்.